ஓரோமோ மக்களும் அவர்தம் மொழியும்

(முதுகலை வரலாறு, இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

ஆப்பிரிக்க வரலாற்றைப் பாடமாகப் படிக்கும் நமக்கு எத்தியோப்பியா என்னும் நாடு பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் எதிர்ப்படுகிறது. ஒன்று, 1896-ஆம் ஆண்டில் பேரரசர் இரண்டாம் மெனெலிக் அடுவா என்னுமிடத்தில் இத்தாலியப் படையை முறியடித்த நிகழ்ச்சி. மற்றொன்று, 1935-இல் முசோலினி அந்நாட்டின்மீது படையெடுத்ததும், அடுத்த ஆண்டு பேரரசர் ஹைலி செலாசி உலக நாடுகளின் சங்கத்தில் நின்று முறையிட்டதும் ஆகும். இவ்விரண்டு நிகழ்ச்சிகளிலும் நம் கண்முன் நிற்பது ஓர் அரசமரபே. அந்நாட்டில் வாழும் மக்களுள் எண்ணிக்கையில் முதலிடம் பெறுவோர் யாவர் என்று கேட்டால் நம்மில் பலர்க்கு விடை கூற இயலாது. அவர்களே ஓரோமோ மக்கள்.

கோடிக்கணக்கில் வாழும் ஓர் இனம் வரலாற்று நூல்களில் ஏன் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது? இவ்வினாவே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று. அரண்மனையும் ஏட்டுச்சுவடியும் இருந்த இடத்தை நோக்கியே வரலாற்றாசிரியர் நடந்திருக்கின்றனர். மரத்தடியில் கூடி வாய்மொழியால் சட்டம் வகுத்த மக்களை நோக்கி அவர்கள் நடந்தது மிகக் குறைவு. இதுவே நான் கண்ட விடை. அதனை இயன்றவரை விளக்க முயல்கின்றேன்.

நாடும் மக்களும்

எத்தியோப்பியாவின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் மேற்கிலும் கிழக்கிலும் ஓரோமோ மக்கள் பரந்து வாழ்கின்றனர். அந்நாட்டின் ஓரோமியா மாநிலம் மேற்கே தென்சூடான் எல்லையிலிருந்து கிழக்கே ஹரார் நகரின் சுற்றுப்புறம் வரையிலும், தெற்கே கென்யா எல்லை வரையிலும் நீள்கிறது. எல்லைக்கு அப்பால் கென்யாவிலும் போரானா, ஓர்மா முதலிய ஓரோமோப் பிரிவினர் வாழ்கின்றனர். 2007-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி எத்தியோப்பியாவின் மொத்த மக்கள் ஏறத்தாழ 7 கோடியே 37 இலட்சம். அவர்களுள் ஓரோமோ மக்கள் ஏறத்தாழ 2 கோடியே 53 இலட்சம். அதாவது மூவரில் ஒருவருக்குச் சற்று மேல்.

நிலமோ பலவகைப்பட்டது. பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு இந்நாட்டை ஊடறுத்துச் செல்கிறது. அதன் அடியில் சிவாய், இலங்கானோ முதலிய ஏரிகள் உள்ளன. இருபுறமும் குளிர்ந்த மேட்டுநிலங்கள். அங்கே கோதுமையும் வாற்கோதுமையும் தெஃப் என்னும் சிறுதானியமும் விளைகின்றன. தென்கிழக்கில் பாலே மலைத்தொடர் எழுகிறது. அதன் உச்சியாகிய துல்லு திம்து 4,377 மீட்டர் உயரமுடையது. தெற்கே போரானாச் சமவெளி மழை குறைந்த மேய்ச்சல் நிலம். ஆழ்கிணறுகளில் ஆடவர் ஒருவர்மேல் ஒருவராக நின்று, பாட்டின் தாளத்திற்கேற்ப வாளியைக் கைமாற்றி மேலேற்றி, கால்நடைக்கு நீர் காட்டுவர். இக்கிணறுகளைப் பாடும் கிணறுகள் என்று வெளிநாட்டார் அழைப்பது இதனாலேதான். மேற்கே காடுகள் அடர்ந்த பகுதி. காப்பிச் செடி தானே வளரும் காடுகள் எத்தியோப்பியாவின் தென்மேற்கில் உள்ளன. காப்பிக்கு ஓரோமோ மொழியில் ‘புனா’ என்று பெயர். நாம் பாலும் சர்க்கரையும் சேர்த்துப் பருகும் காப்பியை அவர்கள் பழத்தோடு வெண்ணெயில் வறுத்து, மங்கலச் சடங்குகளில் உண்ணும் வழக்கமும் உடையவர்கள்.

சமயத்தால் அவர்கள் ஒருவகைப்பட்டவர் அல்லர். இசுலாமியரும், எத்தியோப்பியப் பழைமைத் திருச்சபையினரும், சீர்திருத்தக் கிறித்தவரும், ‘வாக்கா’ என்னும் வானத்து இறைவனை வழிபடும் தொன்மை நெறியினரும் அவர்களிடையே உள்ளனர். வானத்திற்கும் கடவுளுக்கும் அவர்கள் மொழியில் ஒரே சொல்தான். மழைக்காலம் முடிந்ததும் நீர்நிலைக் கரையில் கூடி, பசும்புல்லும் பூவும் கையிலேந்தி இறைவனுக்கு நன்றி கூறும் ‘இரேச்சா’ விழாவில் பல சமயத்தாரும் கலந்துகொள்கின்றனர். பிஷோஃப்து நகரிலுள்ள ஹோரா அர்சதி ஏரிக்கரையில் நடைபெறும் விழா இவற்றுள் புகழ் வாய்ந்தது.

பெயரின் வரலாறு

அண்மைக்காலம் வரை வெளியார் எழுதிய நூல்களில் இம்மக்களுக்கு ‘கல்லா’ என்ற பெயரே காணப்படும். பழைய நிலப்படங்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் அப்பெயரையே காணலாம். ஆயின் அது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. பிறர் இட்ட பெயர், இழிவுப் பொருளோடு வழங்கிய பெயர். அவர்கள் தம்மை ஓரோமோ என்றே அழைத்துக்கொண்டனர். 1974-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னரே எத்தியோப்பிய அரசின் வழக்கில் பழைய பெயர் மறைந்து, ஓரோமோ என்னும் பெயர் நிலைபெற்றது.

ஒரு மக்களின் பெயரைப் பிறர் தீர்மானிக்கும்போது அவர்தம் வரலாற்றையும் பிறரே தீர்மானித்துவிடுவர். தலைநகர் அடிஸ் அபாபாவே இதற்குச் சான்று. 1886-இல் மெனெலிக்கும் அரசி தாய்துவும் வெந்நீரூற்றுகள் நிறைந்த அவ்விடத்தில் நகரம் அமைத்தனர். அம்ஹாரிய மொழியில் ‘புதுமலர்’ என்பது அதன் பொருள். அதற்கு முன்பே அவ்விடத்தில் வாழ்ந்த ஓரோமோ மக்கள் அதனை ‘ஃபின்ஃபின்னே’ என்று அழைத்தனர். இன்றும் அவ்வாறே அழைக்கின்றனர். நகரம் ஒன்று, பெயர் இரண்டு. இவ்விரு பெயர்களுக்கிடையே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வழக்கு அடங்கிக் கிடக்கிறது.

மொழியின் இயல்பு

அவர்கள் மொழி ‘அஃபான் ஓரோமோ’ எனப்படும். ‘அஃபான்’ என்பதற்கு வாய் என்றும் மொழி என்றும் பொருள். ஆப்பிரிக்க-ஆசியப் பெருங்குடும்பத்தின் குஷித்தியக் கிளையைச் சேர்ந்த இம்மொழிக்குச் சோமாலியும் அஃபாரும் உடன்பிறப்புகள். அரசமொழியாக விளங்கிய அம்ஹாரிக்கோ செமித்தியக் கிளையைச் சார்ந்தது. ஆகவே ஒரே நாட்டில் வழங்கினும் இவ்விரண்டும் வெவ்வேறு கிளைகளின் மொழிகளாம்.

தமிழ் மாணவர்க்கு இம்மொழியில் சில கூறுகள் எளிதில் விளங்கும். அதில் ஐந்து குறிலும் ஐந்து நெடிலும் உண்டு. குறில் நெடிலாயின் பொருள் மாறும். ‘லஃபா’ என்பதன் முதலெழுத்துக் குறிலாயின் நிலம், நெடிலாயின் மென்மை. மெய் இரட்டித்தாலும் பொருள் மாறும். ‘பதா’ என்றால் தீயது. தகர ஒலி இரட்டித்துப் ‘பத்தா’ என்றால் குளிர்ந்த மேட்டுநிலம். வாக்கியத்தில் வினை இறுதியில் வரும். ‘சாலான் பிஷான் துகே’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘சாலா தண்ணீர் குடித்தான்’ என்பதே.

ஆயின் வேற்றுமைகளும் உள. தமிழில் எழுவாய் உருபேலாது நிற்க, செயப்படுபொருள் ஐயுருபு ஏற்கும். ஓரோமோ மொழியிலோ எழுவாய்தான் உருபேற்கிறது. செயப்படுபொருள் இயல்பாக நிற்கிறது. மேற்காட்டிய வாக்கியத்தில் ‘சாலா’ என்ற பெயர் ‘சாலான்’ ஆனது அவ்வுருபினாலேயே. நாம் பெயரடையை முன்னே வைக்கிறோம். அவர்கள் பின்னே வைக்கின்றனர். முன்பு கூறிய ‘துல்லு திம்து’ என்ற மலைப்பெயரில் துல்லு மலை, திம்து சிவப்பு. நாம் ‘செம்மலை’ என்போம்.

இங்கே ஒன்று சொல்ல விழைகின்றேன். அம்மொழியில் வீட்டிற்கு ‘மனா’ என்று பெயர். நமது ‘மனை’ உடனே நினைவுக்கு வரும். இதனைக் கண்டதும் இரு மொழிக்கும் உறவு கற்பித்துவிட நம் உள்ளம் துடிக்கக் கூடும். ஆனால் ஒரு சொல்லின் ஒலியொப்புமை உறவுக்குச் சான்றாகாது. பல சொற்களில் ஒழுங்கான ஒலிமாற்ற விதிகள் காணப்பட்டாலன்றி மொழிநூலார் உறவை ஏற்பதில்லை. அத்தகைய விதி எதுவும் இங்கே இல்லை. தற்செயலாய் நேர்ந்த ஒற்றுமையைத் தற்செயல் என்றே கொள்ளுதல் அம்மொழிக்கும் நம் மொழிக்கும் நாம் செய்யும் மரியாதையாகும்.

கடா என்னும் ஆட்சிமுறை

ஓரோமோ மக்களின் சமுதாய அமைப்பிற்கு உயிர்நாடியாக விளங்கியது ‘கடா’ என்னும் முறை. (நம் ஊர்க் கடாவுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதை நண்பர்கள் நினைவிற் கொள்க.) இம்முறையில் ஆடவர் அனைவரும் ஐந்து அணிகளாகப் பகுக்கப்படுவர். ஓர் அணி எட்டாண்டுகள் ஆட்சிப் பொறுப்பில் இருக்கும். எட்டாண்டு முடிந்ததும் அடுத்த அணிக்கு அதனை ஒப்படைத்தல் வேண்டும். எனவே ஐந்து அணியும் ஆண்டு முடிய நாற்பது ஆண்டுகள் ஆகும். ஆட்சி அணியின் தலைவர் ‘அப்பா கடா’ எனப்படுவார். ‘அப்பா’ என்பதற்கு அவர்கள் மொழியிலும் தந்தை, தலைவன் என்பனவே பொருள்.

மகன் எப்போதும் தந்தைக்கு நாற்பது ஆண்டு, அதாவது ஐந்து படி, பின்னால் வருவான். ஒவ்வொரு படிக்கும் உரிய கடமைகள் உண்டு: கால்நடை மேய்த்தல், போர்ப்பயிற்சி, வழக்குரைத்தலைக் கேட்டுக் கற்றல், பின்னர் ஆளுதல், ஆண்டு முடித்தபின் ஆலோசனை கூறுதல். ‘ஓடா’ என்னும் அத்தியின மரத்தின் நிழலில் அவை கூடும். ஓடா நபே, ஓடா புல்தும், ஓடா பிசில் முதலிய இடங்கள் இவ்வாறு அவை கூடியதால் பெயர் பெற்றவை. போரானாவினர் எட்டாண்டுக்கு ஒருமுறை ‘கும்மி காயோ’ என்னும் பேரவையைக் கூட்டிப் பழைய சட்டங்களை ஓதி, வேண்டுவனவற்றைத் திருத்தி, புதியனவற்றைச் சேர்ப்பர். தவறிழைத்த தலைவரைப் பதவியிலிருந்து இறக்கவும் மரபில் இடமுண்டு.

எரித்திரிய நாட்டு மானிடவியல் அறிஞர் அஸ்மாரோம் இலெகெஸ்ஸே 1973-இல் வெளியிட்ட கடா பற்றிய நூலால் இம்முறை அறிஞருலகின் கவனத்தை ஈர்த்தது. இம்முறையில் உள்ள ஓர் இடர்ப்பாட்டையும் அவர் ஆராய்ந்தார். வயதைக் கொண்டன்றித் தந்தையின் படியைக் கொண்டு மகனின் படி அமைவதால், முதுமையில் ஒருவர்க்குப் பிறந்த மகன் பிறக்கும்போதே மேற்படியில் இருப்பான். இளமையில் பிறந்தவனோ கீழ்ப்படியில் இருப்பான். தலைமுறைகள் செல்லச்செல்ல வயதும் படியும் பொருந்தாமற் போகும். ஆதலின் இதனைக் குறையற்ற பொன்னுலகு என்று புகழ்வதற்கில்லை. மேலும் கடாப் பதவிகளில் மகளிர்க்கு இடமில்லை. ஆயின் மகளிர்க்குச் ‘சிங்கே’ என்னும் கோல் உண்டு. மணநாளில் தாய் மகளுக்கு வழங்கும் இக்கோலை ஏந்திப் பெண்கள் திரண்டு வந்து போரிடுவோர் நடுவே நின்றால், சண்டை நிற்க வேண்டும் என்பது மரபு. மனைவியைத் துன்புறுத்தும் கணவனையும் அவர்கள் இக்கோலேந்தி வந்து தண்டிப்பர். 2016-இல் யுனெஸ்கோ நிறுவனம் கடா முறையை மனிதகுலத்தின் தொட்டுணர இயலாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

வரலாற்று மாணவர்க்குக் கடா வேறொரு வகையிலும் உதவுகிறது. ஒவ்வோர் எட்டாண்டுக் காலமும் ஒரு பெயரால் நினைவிற் கொள்ளப்படுவதால், அது ஆண்டுக் கணக்காகவும் பயன்படுகிறது. எந்த ஆட்சிக் காலத்தில் எந்தப் போர் நடந்தது என்பதை மனனம் செய்து வைத்திருக்கும் முதியோரிடமிருந்து பல நூற்றாண்டு வரலாற்றை எண்ணிப் பெறலாம். போரானாவினரின் நாட்காட்டியில் 27 நாட்பெயர்கள் உள்ளன. திங்களுக்கு 29 அல்லது 30 நாள் ஆகையால், அடுத்த திங்கள் இரண்டு மூன்று நாட்பெயர் தள்ளித் தொடங்கும். எப்பெயரில் தொடங்குகிறது என்பதைக் கொண்டே அது எந்தத் திங்கள் என்று அறிவர். நம் 27 நாண்மீன்களை இது நினைவூட்டினும், நிலவின் ஓட்டத்தைக் கூர்ந்து நோக்கும் எம்மக்களும் இவ்வெண்ணை அடையலாம் என்பதை மறத்தலாகாது.

பதினாறாம் நூற்றாண்டுப் பரவல்

1529 முதல் 1543 வரை எத்தியோப்பியக் கிறித்தவ அரசும், இமாம் அகமது என்பார் தலைமையில் அதால் என்னும் இசுலாமிய அரசும் கடும் போர் புரிந்தன. கிறித்தவ அரசுக்குத் துணையாகப் போர்ச்சுகீசியப் படை ஒன்று 1541-இல் வந்தது. அதன் தலைவர் கிறிஸ்தோவாம் ட காமா. கள்ளிக்கோட்டையில் வந்திறங்கிய வாஸ்கோ ட காமாவின் மகன். கோவாவில் ஆளுநராயிருந்த அவர் தமையனின் கப்பற்படையோடு புறப்பட்டவர். அவர் 1542-இல் கொல்லப்பட்டார். இமாமும் அடுத்த ஆண்டு வீழ்ந்தார். இரு அரசுகளும் ஓய்ந்து கிடந்தன. இக்காலத்தில்தான் ஓரோமோ மக்கள் தெற்கிலிருந்து வடக்கும் மேற்கும் கிழக்குமாகப் பெருகிப் பரவினர்.

இப்பரவலைப் பற்றிய முதன்மைச் சான்று பாஹ்ரே என்னும் எத்தியோப்பியத் துறவி 1593-ஆம் ஆண்டளவில் கீஸ் மொழியில் எழுதிய சிறுநூல். ஓரோமோவினரால் தம் ஊர் சூறையாடப்பட்டவர் அவர். அவர்களிடம் அன்பு கொண்டவர் அல்லர். ஆயினும் அவர்தம் ஆட்சி அணிகளை வரிசைப்படுத்திப் பெயரும் செயலும் குறித்து வைத்தார். அவ்வரிசையை எட்டாண்டுக் கணக்கால் பின்னோக்கி எண்ணியே, பரவல் 1522-ஆம் ஆண்டளவில் தொடங்கிற்று என வரலாற்றாசிரியர் கூறுகின்றனர். எண்ணிக்கையிலும் கருவியிலும் மிகுந்த நம்மை அவர்கள் எவ்வாறு வெல்கின்றனர் என்ற வினாவையும் அவர் எழுப்புகிறார். நம் சமுதாயம் பத்து வகுப்பாகப் பிரிந்து கிடக்க, ஒரு வகுப்பே போரிடுகிறது. அவர்களிலோ அனைவரும் போரிடுகின்றனர் என்பது அவர் கண்ட விடையின் சாரம். பகைவரைப் பற்றி எழுதப் புகுந்து தம் சமுதாயத்தையே ஆராய்ந்துவிட்ட அவரது நேர்மை போற்றற்குரியது.

பரவிய இடங்களில் ஓரோமோவினர் பிற மக்களை வென்றனர். சிலரை இடம்பெயரச் செய்தனர். அதே வேளையில் ‘மொக்காசா’ என்னும் சடங்கால் வேற்றினத்தார் கூட்டத்தையே தம் குலத்தில் சேர்த்துக்கொண்டனர். பிற இனத்துக் குழந்தையைத் தத்தெடுத்தலும் அவர்களிடையே பெருவழக்கு. குருதியால் ஆகாத உறவை மொழியாலும் உறுதிமொழியாலும் ஆக்கிக்கொண்ட இவ்வழக்கமே அவர்கள் பெருகியதற்கு ஒரு காரணம் எனலாம்.

அரசுகளும் அடிமைப்பாடும்

பதினெட்டாம் நூற்றாண்டில் கோந்தர் அரசவையிலேயே ஓரோமோ மொழி ஒலித்தது. 1755-இல் பட்டமேறிய அரசர் இயோவாஸின் தாய் ஓரோமோ குலத்தவர். அவர்க்குப் பின் 1855 வரை அரசர்கள் பெயரளவில் இருக்க, எஜ்ஜு என்னும் ஓரோமோ வழித் தலைவர்கள் நெடுங்காலம் ஆட்சியை நடத்தினர். மேற்கே கிபே ஆற்றுப் பகுதியில் ஜிம்மா, லிம்மு-எனாரியா, கோம்மா, குமா, கேரா ஆகிய ஐந்து முடியரசுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தன. கடா முறை அங்கே முடியாட்சிக்கு இடம் விட்டது. காப்பியும் தந்தமும் விற்ற அவ்வரசுகள் அடிமைகளையும் விற்றன என்பதை மறைத்தற்கில்லை.

பின்னர் மெனெலிக்கின் படையெழுச்சி நிகழ்ந்தது. ஐரோப்பியரிடம் பெற்ற துப்பாக்கிகளோடு அவர் 1880-களில் ஓரோமோ நாடுகளை ஒவ்வொன்றாக வென்றார். அவருடைய பெரும்படைத்தலைவர் கோபனா தாச்சே தாமே ஓர் ஓரோமோ என்பது எண்ணத்தக்கது. அர்சிப் பகுதியினர் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்றனர். 1886-இல் அனோலே என்னுமிடத்தில் ஆடவரின் கைகளும் மகளிரின் மார்பும் அறுக்கப்பட்டன என்று அம்மக்களின் வாய்மொழி மரபு கூறுகிறது. 2014-இல் அங்கே நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. 1887-இல் சலன்கோப் போரில் ஹராரும் வீழ்ந்தது. ஜிம்மா மன்னர் இரண்டாம் அப்பா ஜிஃபார் மட்டும் திறை செலுத்த இசைந்து, 1932 வரை உள்ளாட்சி உரிமையைக் காத்துக்கொண்டார். மற்ற இடங்களில் ‘நெஃப்தெஞா’ எனப்பட்ட துப்பாக்கி வீரர்க்கு நிலமும் உழவரும் பங்கிடப்பட்டனர். நேற்று வரை தம் நிலத்தில் உழுதவர் இன்று அதே நிலத்தில் குடிவாரம் செலுத்தும் ‘கப்பார்’ ஆயினர். 1975-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தம் வரை இந்நிலை நீடித்தது.

அடுவாவில் இத்தாலியரை வென்றவரும் இம்மெனெலிக்தான். அப்போரில் ஓரோமோக் குதிரைவீரர்கள் அவர் பக்கம் நின்று போரிட்டனர். வெள்ளையரை வென்ற வீரர் என ஆப்பிரிக்கா முழுவதும் கொண்டாடும் ஒருவரை, அவர் ஆட்சிக்குட்பட்ட மக்களுள் பலர் வென்றடக்கியவராக நினைவுகூர்கின்றனர். இரண்டும் உண்மையே. ஒன்றைக் கூறி மற்றொன்றை விடுதல் வரலாறாகாது.

அடிமைகள் ஆக்கிய நூல்கள்

ஓரோமோ மொழியின் தொடக்ககால அச்சு நூல்களை ஆராய்ந்தபோது ஒரு செய்தி என் உள்ளத்தை மிகவும் தொட்டது. அவற்றுள் பல, அடிமையாக விற்கப்பட்டுத் தாயகத்திலிருந்து பிரிக்கப்பட்டவரின் உதவியால் உருவானவை.

ஜெர்மனியில் மியூனிக் நகரில் 1844-இல் கார்ல் டுட்செக்கின் ஓரோமோ அகராதி வெளிவந்தது. அடிமையாய் விற்கப்பட்டு அந்நாடு வந்து சேர்ந்த ஓரோமோ இளைஞரின் வாய்ச்சொற்களைக் கேட்டே அவர் அதனைத் தொகுத்தார். மேற்கு ஓரோமோ நாட்டில் பிறந்த ஹீக்கா என்னும் சிறுவன் களவாடப்பட்டுப் பலமுறை விற்கப்பட்டு, 1870-இல் மசாவா துறைமுகத்தில் விடுவிக்கப்பட்டான். சுவீடன் நாட்டுச் சமயத் தொண்டர்களின் பள்ளியில் கற்று, விவிலியத்தில் வரும் அடிமை ஒருவனின் பெயரை ஏற்று, ஒனேசிமோஸ் நெசிப் ஆனான். ஓரோமோ மொழியில் ‘ஹீக்கு’ என்ற வினைக்கு அவிழ்த்தல் என்றும் மொழிபெயர்த்தல் என்றும் பொருள் உண்டு. பிறந்தபோது இட்ட பெயருக்கு ஏற்ப அவர் விவிலியம் முழுவதையும் ஓரோமோவில் பெயர்த்தார். 1899-இல் அது சுவிட்சர்லாந்தில் அச்சேறியது.

அவர்க்குத் துணை நின்றவர் அஸ்தேர் கன்னோ என்னும் பெண்மணி. 1886-இல் இத்தாலியர் மறித்த அடிமைக் கப்பலிலிருந்து விடுவிக்கப்பட்டவர். ஏறத்தாழ 15,000 சொற்களைத் தொகுத்து மொழிபெயர்ப்புக்கு அடித்தளமிட்டார். இளமையில் கேட்ட பாடல்களையும் கதைகளையும் பழமொழிகளையும் நினைவிலிருந்து எழுதினார். அவை 1894-இல் வெளிவந்த ஓரோமோ வாசகத்தில் இடம்பெற்றன. ஊரும் உறவும் பறிக்கப்பட்ட ஒரு பெண்ணிடம் பறிக்க முடியாதிருந்தது மொழி ஒன்றே. ஒனேசிமோஸ் 1904-இல் தாயகம் திரும்பி, 1931-இல் மறையும் வரை தம் மக்களுக்குத் தாய்மொழியில் கல்வி புகட்டினார்.

வேறொரு கூட்டத்தார் தாயகத்திற்கு நெடுந்தொலைவில் ஒதுங்கினர். 1888-இல் ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஒன்று செங்கடலில் அடிமைப் படகுகளை மறித்து ஓரோமோச் சிறுவர் சிறுமியரை மீட்டது. அவர்களுள் 64 பேர் 1890-இல் தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் கல்வி நிலையத்திற்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பிஷோ ஜார்சா என்ற சிறுமியும் ஒருத்தி. அவர் பேரன்தான் நெவில் அலெக்சாண்டர். மண்டேலாவோடு ராபன் தீவில் 1964 முதல் பத்தாண்டு சிறையிருந்த அறிஞர். முதுமையில் பாட்டி யாருக்கும் புரியாத மொழியில் தனியே பேசுவதுண்டாம். என்ன பேசுகிறார் என்று கேட்ட சிறுவனுக்கு, கடவுளோடு பேசுகிறார் என்று அவன் தாய் விடை கூறினாராம். கேட்க ஆளில்லாத மொழி கடவுளின் மொழியாகிவிட்டது. அச்சிறுவன் வளர்ந்து, தென்னாப்பிரிக்கக் குழந்தைகள் தத்தம் தாய்மொழியில் கற்க வேண்டும் என்பதற்காகத் தம் வாழ்நாளின் பிற்பகுதியைச் செலவிட்டார், 2012-இல் மறைந்தார்.

தடையும் மீட்சியும்

ஹைலி செலாசியின் ஆட்சியில் அம்ஹாரியே கல்விமொழியாகவும் நீதிமன்ற மொழியாகவும் விளங்கிற்று. சமயத் தொண்டர்களின் பள்ளிகளிலும் அம்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்று 1944-இல் ஆணை பிறந்தது. ஓரோமோ உழவன் ஒருவன் தன் வழக்கைத் தானே எடுத்துரைக்க இயலாமல் மொழிபெயர்ப்பாளன் வாயை நம்பி நின்றான். ஹரார்ப் பகுதியைச் சேர்ந்த ஷேக் பக்ரி சபலோ என்னும் இசுலாமிய அறிஞர் 1956-இல் ஓரோமோவுக்கெனத் தனி எழுத்துமுறை ஒன்றை வகுத்தார். மக்கள் அதனை ஆர்வத்தோடு கற்கத் தொடங்கவே, அரசு அதனைத் தடுத்து அவரை வீட்டுக்காவலில் வைத்தது. 1980-இல் சோமாலியாவில் ஏதிலியர் முகாமில் அவர் உயிர் நீத்தார்.

புரட்சிக்குப் பின் 1975-இல் ‘பரீசா’ (விடியல்) என்னும் ஓரோமோ செய்தித்தாள் தோன்றியது. 1979-இல் தொடங்கிய எழுத்தறிவு இயக்கம் 15 மொழிகளில் நடைபெற்றது. ஓரோமோவும் அவற்றுள் ஒன்று. ஆயினும் எழுத்து கீஸ் எழுத்தே. அவ்வெழுத்தில் குறிலும் நெடிலும் செவ்வனே பிரியா. மெய் இரட்டித்தலும் புலப்படாது. தீயதும் மேட்டுநிலமும் ஒரே வகையாய் எழுதப்படும். ஆதலின் 1991-இல் இராணுவ ஆட்சி வீழ்ந்தபின், அவ்வாண்டு நவம்பர் 3-ஆம் நாள் ஓரோமோ அறிஞர்களும் மக்கள் சார்பாளரும் கூடி, இலத்தீன் எழுத்தைத் தழுவிய ‘குபே’ முறையை ஏற்றனர். நெடிலுக்கு உயிரெழுத்தை இருமுறை எழுதுவர். இரட்டித்த மெய்யையும் அவ்வாறே. எக்ஸ், க்யூ முதலிய எழுத்துகள் அம்மொழிக்கே உரிய வல்லொலிகளைக் குறிக்கும். இம்மாற்றத்தால் அம்ஹாரி படித்தவர்க்கும் குபே படித்தவர்க்கும் இடையே பிளவு உண்டாகும் என்று எதிர்த்தோரும் உளர். எனினும் ஒரு தலைமுறை முழுவதும் தாய்மொழியில் பள்ளிக்கல்வி பெற்றது. 1995-ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஓரோமியா மாநிலத்தை உறுதி செய்தது. அதன் சட்டமன்றத்தின் பெயர் ‘சஃபே’. மரத்தடியில் கூடிய பழைய அவையின் பெயரே அது.

எழுத்துரிமை கிட்டியதால் எல்லா உரிமையும் கிட்டிவிடவில்லை. தலைநகரை விரிவாக்கும் திட்டத்தால் சுற்றுப்புற ஓரோமோ உழவர் நிலமிழப்பர் என்ற அச்சத்தால் 2014-இல் தொடங்கிய கிளர்ச்சி 2015 இறுதியில் பெருந்தீயாய்ப் பரவியது. 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் மராத்தான் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்ற ஃபெயிசா லிலேசா, இரு கைகளையும் தலைக்குமேல் குறுக்காகக் கட்டி எல்லையைக் கடந்து அக்கிளர்ச்சியை உலகறியச் செய்தார். அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் பிஷோஃப்து இரேச்சா விழாவில் காவலர் கண்ணீர்ப்புகை வீச, நெரிசலில் பலர் மாண்டனர். 2018-இல் ஓரோமோத் தந்தைக்குப் பிறந்த அபிய் அகமது தலைமை அமைச்சரானார். 2019-இல் இரேச்சா விழா ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப் பின் தலைநகரிலேயே நடைபெற்றது. ஆனால் 2020 ஜூன் 29-ஆம் நாள் மக்கள் பாடகர் ஹச்சாலு ஹுந்தேசா சுட்டுக் கொல்லப்பட்டார். அதனைத் தொடர்ந்த கலவரத்தில் ஓரோமோவினரும் பிற இனத்தாரும் உயிரிழந்தனர். நெடுநாள் அடக்கப்பட்ட இனமும், அதனிடையே வாழும் பிற இனங்களும் எவ்வாறு ஒரு நாட்டில் நிகராக வாழ்வது என்ற வினாவுக்கு விடை காணப்படவில்லை.

முடிவுரை

ஓரோமோ மக்களின் வரலாற்றுக்கு மூவகைச் சான்றுகள் உள்ளன என்பதை இதுகாறும் கண்டோம். முதலாவது, எட்டாண்டுக் கணக்கில் முதியோர் நெஞ்சில் காத்த நினைவு. இரண்டாவது, பகைவரின் ஏடு. மூன்றாவது, அடிமைச் சந்தையில் விற்கப்பட்டோர் அயல்நாட்டில் எழுதிவைத்த சொற்கள். அரசவைக் குறிப்பு ஒன்றையே வரலாறு என்று கொண்டால் இம்மூன்றும் நம் கண்ணிற்படா. கோடிக்கணக்கான மக்களும் கண்ணிற்படார்.

நினைவு தவறக்கூடும், பகைவர் மிகைப்படுத்தக்கூடும், பிரிந்தவர் ஏங்கிப் பொன்முலாம் பூசக்கூடும். ஆதலின் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நம் கடமை. பாஹ்ரேயின் ஏட்டை ஓரோமோ முதியோரின் கணக்கோடு வைத்து ஆண்டுகளை வரையறுத்தது அத்தகைய உழைப்பே. தேர்வுக்கென அடுவாப் போரைப் படிக்கும் நண்பர்கள், அப்போரில் குதிரை ஊர்ந்தவர் சிலரின் மொழிக்கு அன்று அந்நாட்டுப் பள்ளிகளிலும் நீதிமன்றங்களிலும் இடமில்லை என்பதையும் உடன் எண்ணிப் பார்ப்பாராயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வேன்.